காணாமல் போன வலது செருப்பு

வக்கீலுக்கு மேடத்தின் கோப்பையில் டீ போனது.

எங்கள் துப்பறியும் நிலையத்தில் இருப்பவை இரண்டே கோப்பைகள். நீலப்பூ போட்டது மேடத்துடையது. விளிம்பு உடைந்தது என்னுடையது. “எனக்கு டீ வேண்டாம், அவருக்குக் கொடு” என்று மேடம் சொன்னதும் நான் உடைந்த கோப்பையை ஆசையாகக் கையில் எடுத்தேன். மேடம் கண்ணாலேயே நீலப்பூவைக் காட்டினார். இத்தனை வருஷமாக அதைக் கழுவித் துடைத்து வைக்கிறவன் நான். அதில் ஒரு வாய் குடித்ததில்லை.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அந்த வக்கீல் எங்கள் மாடிப்படி ஏறத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். அவர் பேசினால் மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறார். நான் பேசினால் மேஜை துடைக்கிறார். மேடம் முன்பு கணக்கு டீச்சராக இருந்தவர். வழிமுறை இல்லாமல் விடை மட்டும் சொன்னால் இப்போதும் பாதி மார்க்தான் போடுவார். எனக்கு எப்போதும் பாதி. வாய் ஓயாமல் பேசுவதால் ‘லொடலொட’ என்று ஒரு பட்டப்பெயர் வேறு.

வக்கீல் கொண்டுவந்த கேஸ் இதுதான். அவருடைய கட்சிக்காரர் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் முதலாளி ஒரு மதிய விருந்து வைத்தார். மாஸ்டர் வழக்கத்துக்கு மாறாக நன்றாகக் குடித்துவிட்டார். சாயங்காலம் ஸ்கூல் கார் ஒரு வளைவில் நடைபாதை மேல் ஏறி, விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. ரோந்து ஜீப் வந்து பார்த்தபோது டிரைவர் சீட்டில் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊதச் சொன்னார்கள், மிஷின் அலறியது. நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நாளைக் காலை கோர்ட்டிலும் அதையே சொல்லப் போகிறார்.

“அதான் அவரே சொல்றாரே சார்” என்றேன். “அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?”

வக்கீல் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையே பிடிக்காது.

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க தம்பி. அபராதங்கிறது தண்டனை. தண்டனைக்கு முன்னாடி ‘குற்றவாளி’ன்னு ஒரு தீர்ப்பு இருக்கு. பணம் கட்டினா அது போயிடாது, பேரோட ஒட்டிக்கும். லைசென்ஸ் போகும். அடுத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அனுமதி போகும், அது திரும்பி வராது. அந்த மனுஷனுக்கு வேற தொழில் தெரியாது.”

“அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?” என்று மேடம் கேட்டார்.

“சொன்னேன். தெரியும் சார், இருந்தாலும் ஆமான்னுதான் சொல்வேங்கிறார். அதான் இங்க வந்தேன். குடிச்சுட்டு ஓட்டின வழக்குக்கு ரெண்டு கால் வேணும் மேடம். குடிச்சிருக்கணும், ஓட்டியும் இருக்கணும். குடிச்சதை மிஷின் சொல்லிடுச்சு. ஓட்டினதைப் பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்லை. அவர் வாய் ஒண்ணுதான் சாட்சி.”

மேடம் கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வக்கீல் போலீஸ் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பித்தார். மாஸ்டரால் நிற்கவே முடியவில்லை, சீட்டிலிருந்து தூக்கித்தான் ஜீப்பில் ஏற்றினார்கள், அழுதார், கார் சாவி காணோம், கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார், இடது காலில் மட்டும் செருப்பு இருந்தது.

“வலது செருப்பு?” என்றார் மேடம்.

“குடிகாரன் செருப்பு மேடம், எங்கேயாவது விழுந்திருக்கும்.”

“தள்ளாடி நடந்தாத்தான் செருப்பு விழும். இவரை சீட்டுல இருந்து நேரா ஜீப்புக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. லொடலொட, கிளம்பு. ஒத்தைச் செருப்பைத் தேடப் போறோம்.”

துப்பறியும் தொழிலுக்கு வரும்போது வைர நெக்லஸ் தேடுவோம் என்று நினைத்துத்தான் வந்தேன். வக்கீல் கிளம்பிப் போன பிறகு நீலப்பூக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவி வைத்துவிட்டு மேடத்தின் பின்னால் இறங்கினேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்து வந்த வண்டிகளை நிறுத்தும் மைதானம். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் எங்களோடு நடந்து வந்தார். டிரைவிங் ஸ்கூல் கார் தலையில் மஞ்சள் போர்டோடு, முன்பக்கம் நசுங்கி நின்றது. டிரைவர் சீட்டுக்குக் கீழே பார்த்தேன், பின்சீட்டில் பார்த்தேன், டிக்கியில் பார்த்தேன். செருப்பு இல்லை.

மேடம் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, என்னை அதில் உட்காரச் சொன்னார். கற்றுக்கொடுக்கும் கார் என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஓட்டுகிறவர் சொதப்பினால் மாஸ்டர் தன் காலால் வண்டியை நிறுத்திவிடுவார்.

“பிரேக்கை மிதி.”

மிதித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. குனிந்து பார்த்தால், பிரேக் கட்டைக்கும் தரை விரிப்புக்கும் நடுவில் ஒரு வலது கால் செருப்பு சிக்கியிருந்தது. வார் அறுந்து, குதிகால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மேடம் அதைத் தொட விடவில்லை. கான்ஸ்டபிளையும் பக்கத்தில் நிற்க வைத்து நாலைந்து படம் எடுத்தார். “இது இருக்கிற இடம்தான் நமக்குச் சாட்சி. எடுத்துட்டா வெறும் பழைய செருப்பு” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். “சொல்லு. வழிமுறையோட.”

“வண்டி ஓடும்போது மாஸ்டர் பக்கத்து சீட்டுல இருந்திருக்கார். காலை வெச்சு பிரேக்கை அழுத்தியிருக்கார், வண்டி முட்டிடுச்சு. அப்புறம் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருக்கார், அவசரத்துல செருப்பு மாட்டி அறுந்திடுச்சு. ஓட்டினது வேற ஆள். சாவி அந்த ஆள்கிட்ட இருக்கு.”

“அப்போ மாஸ்டர் தப்பிச்சாரா?”

“இல்லை மேடம்” என்றேன். “ஓட்டின ஆளுக்கு லைசென்ஸ் இருந்தாத்தான் தப்பிப்பார். லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டி, பக்கத்துல பிரேக்கோட மாஸ்டர் உட்கார்ந்திருந்தா, வண்டி அவர் பொறுப்புலதான் இருந்துச்சுன்னு சட்டம் சொல்லும். குடிச்சுட்டு ஓட்டினதும் அதுவும் ஒண்ணுதான்.”

மேடம் புருவத்தைத் தூக்கினார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கேயோ காதில் விழுந்தது என்று மழுப்பினேன். வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டதில் அவர் அதையே, இன்னும் கொஞ்சம் நீட்டி முழக்கிச் சொன்னார். அவர் குரலில் லேசான ஆச்சரியம் தெரிந்தது, எனக்கு வயிறு குளிர்ந்தது.

டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர், பாடம் நடத்துவதற்காகப் பாதியாக அறுத்து வைத்த ஒரு பழைய இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேஸ் முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். காலில் புதுச் செருப்பு. மேடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். அவர் அதைப் பார்த்தார், புதுச் செருப்பைப் பார்த்தார், பிறகு இன்ஜினையே துடைத்தார்.

“யார் ஓட்டினாங்க மாஸ்டர்?” என்றார் மேடம்.

“நான்தாம்மா. நாளைக்கும் அதையேதான் சொல்வேன். தயவு பண்ணி விட்டுடுங்க.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பேச்சை மாற்ற, எதிர்வாடையில் இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூலைப் பற்றிக் கேட்டேன். உடனே உயிர் வந்துவிட்டது அவருக்கு. அங்கே இருப்பவனுக்கு ஹாரனைத் தவிர வேறொன்றும் தெரியாது, அவனிடம் கற்றவன் ரிவர்ஸ் எடுத்தால் தெருவே காலியாகும் என்று பொரிந்து தள்ளினார். அட, இவரும் நம்ம ஜாதி, பொறாமைக்காரர் என்று எனக்கு ஒரு பாசமே வந்தது.

சுவரில் தேர்வில் ஜெயித்தவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. நடுவில் பெரிதாக ஒரு பல் டாக்டரம்மா, பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவரும் வந்திருந்தார் என்று ஆபீஸ் பையன் சொன்னான். முடிந்தது கேஸ் என்று நினைத்தேன். புது லைசென்ஸ், விருந்துக்கும் வந்திருக்கிறார், அந்த அம்மா பேர் வெளியே வரக்கூடாது என்று மாஸ்டர் பழியை ஏற்கிறார். மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். பாதி மார்க் என்றார்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக் நாலு கடை தள்ளித்தான். ஒரு நோயாளியின் வாயில் குறடை விட்டபடியே பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்பே விருந்திலிருந்து கிளம்பிவிட்டாராம், இதே நோயாளிக்கு வீக்கம் அதிகமாகிவிட்டதாம். நோயாளி திறந்த வாயோடு ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவு வலியில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

“மாஸ்டர் எல்லார் முன்னாடியும் என்னைப் புகழ்ந்துக்கிட்டே இருந்தாருங்க” என்றார் டாக்டரம்மா. “அவர் சம்சாரம் என்னைப் பார்த்த பார்வையில எனக்கே பல் கூசிடுச்சு.”

மேடம் திரும்பி நடந்த வேகத்தில், அடுத்து எங்கே என்று நான் கேட்கவே இல்லை.

மாஸ்டரின் மனைவி வீட்டு முன்னறையில் மோட்டார் தையல் மிஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னாரே தவிர, மிஷினை நிறுத்தவில்லை. விருந்துக்குப் போனது உண்மை, ஆட்டோவில் வீட்டுக்கு வந்ததும் உண்மை, மற்றது தனக்குத் தெரியாது என்றார். வக்கீலிடமும் இதையேதான் சொன்னாராம்.

“நாளைக்கு அபராதம் கட்டிட்டு வந்துடுவாரு. அவரே சொன்னாரு. கட்டட்டும், அப்பவாவது புத்தி வரும்.”

இதைச் சொன்னபோது மிஷின் இன்னும் வேகமாக ஓடியது. நான் மெதுவாகப் பல் டாக்டரம்மாவின் பேச்சை எடுத்தேன். மிஷின் நின்றது.

“சொல்லுங்க தம்பி, ஒரு பொம்பளை கியர் மாத்துறதுல அப்படி என்ன இருக்கு? விருந்துல பாயசக் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அவ கியர் மாத்தினா வண்டிக்கே தெரியாதுங்கிறாரு. வெண்ணெயில கத்தி போற மாதிரியாம். இதோ, இப்படியாம், ரெண்டு, மூணு…”

வலது கை வெட்டுக் கத்தரியோடு மடியில் கிடக்க, இடது கையால் காற்றில் கியர் மாற்றிக் காட்டினார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத யாரும் கியர் மாற்றி நடித்துக் காட்டினால் கை மட்டும்தான் ஆடும். இந்த அக்காவுக்கோ ஒவ்வொரு தடவையும் கை நகர்வதற்கு முன்னால் இடது கால் தரையை அழுத்தியது. மிஷினின் மிதி வலது காலுக்குக் கீழே இருந்தது. இடது கால் மிதித்தது அங்கே இல்லாத கிளட்சை.

மேடத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்திருந்தார். நீயே கேள் என்பது போல் தலையசைத்தார்.

அந்த அக்காவை எனக்கு நன்றாகப் புரிந்தது. டாக்டரம்மா அழகு என்றோ படித்தவர் என்றோ அவருக்குக் கோபம் இல்லை. தன்னை ஒரு தடவையும் பாராட்டாத வாய் இன்னொருத்தரைப் பாராட்டுகிறதே என்று கோபம். நீலப்பூக் கோப்பையைக் கழுவுகிறவனுக்கு இது தெரியாதா? அப்படிக் கோபம் வந்தால் என்ன செய்வோம் என்பதும் எனக்குத் தெரியும். ஏனென்றால் நானே அதைச் செய்துகொண்டிருந்தேன்.

“அக்கா” என்றேன். “எதிர்வாடை ஸ்கூல்லதானே வண்டி கத்துக்கிட்டீங்க?”

கத்தரி கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்து மிஷின் மேல் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமான புதிதிலிருந்து கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நீ பயந்தவள், உனக்கு வராது என்று மாஸ்டர் சிரித்துவிடுவாராம். ஊருக்கே கற்றுக்கொடுக்கிறவர் தனக்கு மட்டும் மாட்டேன் என்கிறாரே என்று ரோஷம். தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய், எதிர்வாடையில் கற்றிருக்கிறார். லைசென்ஸும் வாங்கிவிட்டார். மாஸ்டர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்தால் அதைக் காட்டுவது என்று காத்திருந்திருக்கிறார்.

“அன்னைக்கு அவரால நிக்கவே முடியல. சாவியைப் பிடுங்கிக்கிட்டு, நகருங்க நான் ஓட்டறேன்னேன். பக்கத்துல நான் இருக்கேன், என் காலு இருக்குன்னு உட்கார்ந்தாரு, உடனே தூங்கிட்டாரு. வளைவு வரைக்கும் ஒரு உலுக்கல் இல்லாம ஓட்டிக்கிட்டு வந்தேங்க. டக்குனு பிரேக்கைப் போட்டுட்டாரு, வண்டி வழுக்கிக்கிட்டுப் போய்க் கம்பத்துல முட்டிடுச்சு. தூக்கத்துலகூட என்னை நம்பலையேன்னு ஆத்திரம். சாவியை எடுத்துக்கிட்டு இறங்கி நடந்துட்டேன்.”

“போலீஸ் பிடிச்சது தெரிஞ்ச பிறகு?” என்றார் மேடம்.

“உனக்கு லைசென்ஸ் இல்லை, நீ வாயைத் திறக்காதே, சின்ன அபராதம்தான்னு அவருதான் சொன்னாரு. சரி, அந்த டாக்டரம்மாவைப் புகழ்ந்ததுக்குக் கட்டட்டும்னு விட்டுட்டேன்.”

மேடம் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வக்கீல் சொன்னதையெல்லாம் பொறுமையாக, கணக்குப் பாடம் மாதிரி சொன்னார். தீர்ப்பு என்றால் என்ன, பணம் கட்டினாலும் அது ஏன் அழியாது, கற்றுக்கொடுக்கும் அனுமதி எப்படிப் போகும் என்று சொன்னார்.

“அவர் உங்களுக்காகத்தாம்மா நகர்ந்து உட்கார்ந்திருக்கார். ஜீப் வர்றதைப் பார்த்து, செருப்பு அறுந்ததுகூடத் தெரியாம நகர்ந்திருக்கார். நாளைக்கு ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் அவர் யாருக்கும் கியர் மாத்தச் சொல்லித்தர முடியாது.”

அக்கா பித்தான் டப்பாவைத் திறந்தார். பித்தான்களுக்கு அடியில் சாவியும், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் லைசென்ஸும் இருந்தன. முகத்தைக்கூடக் கழுவாமல் எங்களோடு கிளம்பினார்.

மாஸ்டர் அப்போதும் அந்த இன்ஜினைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டையும் அதன் மேல் வைத்தார். மாஸ்டர் லைசென்ஸைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்போ நீ அவ்வளவு நல்லா ஓட்டினது நிஜமா?” என்றார். “போதையில கனவு கண்டேன்னு நினைச்சேன். தெருமுனையில மூணாவது கியர்ல இருந்து ரெண்டுக்கு இறக்கினியே, சத்தமே வரல. உனக்கு வராதுன்னு நான்தானே சொல்லியிருக்கேன். அதனால கனவுன்னே நினைச்சுட்டேன்.”

“நிஜம்னா எதுக்கு பிரேக் போட்டீங்க?”

“நான் எங்க போட்டேன்? அந்த வளைவுல தினமும் ஒவ்வொருத்தருக்கும் போட்டுப் போட்டு, கால் தானா இறங்கிடுச்சு. முழிச்சுப் பார்த்தா நீ இல்லை. ஜீப் வருது. உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு எனக்கு வேற எதுவுமே தோணலை.”

அக்கா அழுதார். நாங்கள் சுவரில் இருந்த படங்களைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டரின் குரல் வேறு தொனியில் கேட்டது.

“ஆமா, யார்கிட்ட கத்துக்கிட்ட?”

அக்கா ஜன்னல் வழியாக எதிர்வாடையைக் காட்டினார். மாஸ்டரின் முகம் போன போக்கை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். குற்றவாளி என்று கோர்ட் சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டார். அக்கா முன்வரிசையில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்குக் கம்பத்துக்கும், நிற்காமல் போனதற்கும் அவர் மேல் தனியாகக் கேஸ் வரும் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். வரட்டும் என்று சொல்லிவிட்டார் அக்கா.

“இல்லைங்கய்யா” என்றார் மாஸ்டர். “குடிச்சேன். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன், அதுக்கு மன்னிக்கணும். ஆனா நான் ஓட்டலை. என் சம்சாரம் ஓட்டினா. அவகிட்ட லைசென்ஸ் இருக்கு. ரொம்ப நல்லா ஓட்டினா.”

“கம்பத்துல முட்டியிருக்கே?”

“அது அவ முட்டலைங்கய்யா, என் காலு…”

அதை விசாரணையில் விளக்குகிறோம் என்று வக்கீல் பதறி எழுந்தார். கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ‘ரொம்ப நல்லா ஓட்டினா’ என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. குற்றத்தை மறுத்ததாகப் பதிவாகி, கேஸ் விசாரணைக்குத் தள்ளிப் போனது. செருப்பையும் சாவியையும் வைத்துக்கொண்டு மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் வக்கீல்.

நிலையத்துக்குத் திரும்பியதும் மேடம் தானே டீ போட்டார். எனக்கு ஒரு சந்தேகம், எதிர்வாடை ஸ்கூல் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று, கூடவே வந்திருந்த வக்கீல் என்னிடம் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் மேடம் என் மேஜை டிராயரை இழுத்தார். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், குழம்புக் கறை பட்ட சட்டப் புத்தகம் இருந்தது. மோட்டார் வாகனப் பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

“உங்களைப் பார்த்து வயிறெரிஞ்சு, எனக்குத் தெரியாம படிச்சுக்கிட்டிருக்கான். அதான் அந்தம்மா ரோஷத்துல ஒளிஞ்சு எங்க போய்க் கத்துக்கிட்டிருப்பாங்கன்னு இவனுக்குப் புரிஞ்சிருக்கு” என்றார் மேடம் வக்கீலிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். “இனிமே மேஜை மேலயே வெச்சுப் படி. கறை படாம இருக்கும். இந்த விடைக்கு முழு மார்க்.”

நீலப்பூக் கோப்பை என் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆவி பறக்க ஒரு வாய் குடித்தேன். நாக்கு சுட்டது, அதனால் என்ன. எதிரே வக்கீல், கையில் விளிம்பு உடைந்த கோப்பையை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வாய் வைப்பது என்று தேடினார். நடுநடுவே என் கோப்பையைப் பார்த்தார்.